எஞ்சினைத் திறக்க முதல்: வன்னியில் டீசல் லொறிகள் ஏன் படுத்துவிடுகின்றன?

இன்லைன் பம்ப் என்ற பழைய வகை டீசல் பம்ப் பூட்டிய லேலண்ட் லொறியோ டாட்டாவோ மாங்குளம் சந்தியில் நின்றுவிட்டால், ஒரு ஸ்பனர் செட்டோடு வரும் மெக்கானிக் பெரும்பாலும் அந்த இடத்திலேயே அதை ஓட வைத்துவிடுவார். கொமன் ரெயில் என்ற புதுவகை டீசல் எஞ்சின் உள்ள ஜப்பான் லொறி அங்கே நின்றால், அதே மெக்கானிக் கபினைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "அண்ணை, இதை வவுனியாவுக்குக் கட்டி இழுங்கோ" என்கிறார். லொறிக்காரருக்கு இது விளங்குவதில்லை. இரண்டும் டீசல்தானே, சண்டைக்குள்ளேயே வாகனம் ஓட்டிய ஊரில் இதற்கு ஆள் இல்லையா என்று கேட்கிறார்.

ஆள் இருக்கிறார். கையும் மோசமில்லை. போரின்போது 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக்குள், உதிரிப்பாகமும் எரிபொருளும் இல்லாமல் வாகனத்தை ஓட வைத்த ஊர் இது. அந்தக் கைவேலை அந்தக் காலத்து எஞ்சினுக்குப் பொருந்தியது, ஏனென்றால் அந்த எஞ்சின் பிழை பொறுத்தது. அன்று உயிர் கொடுத்த பழக்கங்கள் சில, இன்றைய எஞ்சினில் பம்பையும் நொசிலையும் தின்கின்றன. எப்படி என்று விளங்க, அடியிலிருந்து வரவேண்டும்.

நெருப்பு எங்கிருந்து வருகிறது

பெற்றோல் எஞ்சினில் பிளக் பொறி அடித்துத்தான் எரிபொருள் பற்றுகிறது. டீசல் எஞ்சினில் பொறி அடிக்கும் பிளக் கிடையாது. பிஸ்டன் மேலே வரும்போது காற்றைத் தன் கொள்ளளவில் பதினாறில் ஒரு பங்கு, சில எஞ்சின்களில் இருபதில் ஒரு பங்கு அளவுக்கு நெருக்குகிறது. அந்த நெருக்கத்தில் காற்று 500 பாகை செல்சியசைத் தாண்டிச் சூடாகும். அந்தக் கணத்தில் டீசலைப் பனிபோலத் தூவினால் தானாகப் பற்றும்.

ஆகவே இந்த எஞ்சினுக்கு வெளியிலிருந்து மூன்று சாமான் வேண்டும்: சுத்தமான காற்று, சுத்தமான டீசல், சூட்டை எடுத்துப்போகத் தண்ணீர். கராஜுக்கு வரும் எஞ்சினின் வருத்தம் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றில்தான் தொடங்கியிருக்கும். பிஸ்டன், ரிங், பியரிங் எல்லாம் பிறகு விழுந்தவை. ஆனால் கராஜில் முதலில் கழற்றப்படுவது சிலிண்டரின் மேல்மூடியான ஹெட். இந்தத் தலைகீழ் ஒழுங்குதான் பாதிச் செலவுக்குக் காரணம்.

மேலே போக நாலு சொல் தெரிந்திருக்க வேண்டும்.

1. பம்ப்: டீசலை அழுத்தி அனுப்புவது. பழைய இன்லைன் பம்பில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி பிளஞ்சர். பம்பின் கீழ்ப்பகுதியில் உள்ள கெம் சாஃப்ட் ஒயிலுக்குள் ஓடும். ரோட்டரி பம்புக்கும் கொமன் ரெயில் பம்புக்கும் அநேகமாக அந்த வசதி இல்லை. உள்ளே ஓடும் டீசல்தான் அவற்றுக்கு ஒயிலும்.

2. நொசில்: டீசலைத் தூவும் முனை. உள்ளே இருக்கும் ஊசிக்கும் அதன் கூட்டுக்கும் இடையிலான இடைவெளி 2 முதல் 4 மைக்ரோன். மனிதத் தலைமயிரின் தடிப்பு ஏறக்குறைய 70 மைக்ரோன்.

3. கொமன் ரெயில்: எல்லா நொசிலுக்கும் பொதுவான ஒரு தடித்த குழாய். டீசல் அதில் எப்போதும் உயர் அழுத்தத்தில் காத்திருக்கும். பழைய நொசில் 200 பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) அளவில் திறந்தது. கொமன் ரெயிலில் 1600 பார், அதற்கு மேலும் சாதாரணம்.

4. ஈசியூ: எப்போது, எவ்வளவு தூவ வேண்டும் என்று நொசிலுக்குக் கட்டளையிடும் மின்பெட்டி. பழைய எஞ்சினில் இந்த வேலையைப் பம்பின் கவர்னரும் (வேகத்துக்கேற்ப டீசலைக் கட்டுப்படுத்தும் பாகம்) ஸ்பிரிங்கும் பார்த்தன.

மண்ணெண்ணெயின் கணக்கு

கார்பரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடியதை வன்னியில் நாற்பது வயது தாண்டிய எவரும் மறந்திருக்கமாட்டார். 2002இல் கண்டி–யாழ்ப்பாணம் ஏ9 வீதி திறந்தபோது அந்தத் தேவை குறைந்தது. "மண்ணெண்ணெயும் எரியும்" என்ற நம்பிக்கை போகவில்லை.

2022இல் அதற்குப் புது உயிர் வந்தது. அந்த வருடம் ஜூன் கடைசியில் ஒரு லீற்றர் ஓட்டோ டீசல் 460 ரூபாய், மண்ணெண்ணெய் 87 ரூபாய். ஓகஸ்டில் மண்ணெண்ணெயை 340 ரூபாயாக உயர்த்தும் வரை, ஏறக்குறைய ஐந்து மடங்கான இந்த இடைவெளி இருந்தது. கலக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். யார் கலந்தார், எங்கே கலந்தது என்ற சண்டை இங்கே வேண்டாம். எஞ்சினுக்குள் என்ன நடந்தது என்பதைப் பார்ப்போம்.

மண்ணெண்ணெய் எரியும், அதில் ஐயமில்லை. வழுக்கும் தன்மைதான் அதில் குறைவு. 40 பாகைச் சூட்டில் டீசலின் பிசுக்குமை 2 முதல் 4.5 சென்ரிஸ்ரோக் வரை, மண்ணெண்ணெய் அதன் பாதிக்குக் கிட்டத்தான் நிற்கும். விரலில் தொட்டுத் தேய்த்தாலே வித்தியாசம் தெரியும்: டீசல் வழுக்கும், மண்ணெண்ணெய் காய்ந்துபோகும். கெம் சாஃப்ட் ஒயிலில் ஓடும் இன்லைன் பம்பு இதைக் கன காலம் தாங்கும். டீசலையே ஒயிலாகக் கொண்ட கொமன் ரெயில் பம்பில் உலோகமும் உலோகமும் உரசும். அப்படி உரசி உதிர்ந்த மினுங்கல் தூள் ரெயிலுக்குள் போகும், ரெயிலிலிருந்து நாலு நொசிலுக்கும் போகும். பம்பை மட்டும் மாற்றிவிட்டு லொறியை அனுப்பினால், குழாயில் மிஞ்சிய தூள் புதுப் பம்போடு சேர்ந்து நொசில்களை முடித்துவிடும். "போன மாதம்தானே பம்ப் போட்டது" என்று லொறிக்காரர் கத்துவது இந்த இடத்தில்தான். டாங்கியிலிருந்து ரெயில் வரை முழுக்கக் கழுவாத வேலை, செய்யாத வேலைக்குச் சமன்.

கலப்படத்தைக் கண்ணால் பிடிப்பது கடினம். அடர்த்தி பார்க்கும் கண்ணாடி மிதவையும் சிறிய கலப்பில் ஏமாந்துவிடும்: மண்ணெண்ணெய் 0.80க்குக் கிட்ட, டீசல் 0.84க்குக் கிட்ட, ஐந்தில் ஒரு பங்கு கலந்தாலும் மூன்றாம் தசமத்தில்தான் மாற்றம் தெரியும். அது செய்த சேதத்தை அறிய ஃபில்டரை வெட்டிப் பார்ப்பதே நம்பகமான வழி. மடிப்புகளுக்குள் வெள்ளித் தூள் மினுங்கினால், பம்ப் தேய்ந்து உதிர்ந்த தூள் திரும்பும் டீசலோடு டாங்கிக்கு வந்து சேர்ந்துவிட்டது என்று பொருள்.

தண்ணீர்: வரக்கூடாத இடத்தில் ஒன்று, வரவேண்டிய இடத்தில் இன்னொன்று

முதலில் டீசலுக்குள் வரும் தண்ணீர். காலபோக நெல் அறுவடை நேரத்தில் டீசல் கலனிலும் பரலிலும் வயலுக்குப் போகிறது. அரைவாசி நிரம்பிய பரல் பகலில் சுட்டு, இரவில் குளிர்ந்து, உள்சுவரில் வியர்க்கும். லொறி டாங்கியும் அப்படித்தான். தண்ணீர் டீசலை விடப் பாரம், அடியில் தங்கும். பரலின் அடிவரை குழாயை விட்டு உறிஞ்சும்போது முதலில் ஏறுவது அதுதான்.

பழைய நொசிலில் தண்ணீர் போனால் எஞ்சின் இருமும், கறள் பிடிக்கும், கழற்றித் தேய்த்துப் போடலாம். 1600 பாரில் வேலை செய்யும் நொசிலில் தண்ணீர்த் துளி வழுக்கும் டீசல் படலத்தை உடைத்து, ஊசியின் முகத்தைப் பொத்தலாக்கிவிடும். தேய்த்தெடுக்க அங்கே இடமில்லை.

செய்யக்கூடியது மலிவானது. மாலையில் டாங்கியை நிரப்பிவிட்டு நிறுத்துங்கள், காற்றுக்கு இடமில்லாவிட்டால் வியர்வைக்கும் இடமில்லை. காலையில் ஸ்டார்ட் பண்ண முதல், தண்ணீர் பிரிக்கும் ஃபில்டரின் அடித் திருகைத் திறந்து அரைக் கப் டீசலைத் தெளிவான போத்தலில் பிடியுங்கள். அடியில் கோடு தெரிந்தால் தண்ணீர். பரலில் குழாய் விடும்போது அடியிலிருந்து நாலு விரல் உயரத்தில் நிறுத்துங்கள்.

அடுத்தது ரேடியேற்றர். வன்னிக் கிணற்றுத் தண்ணீர் கடினமானது. கேத்தலின் உட்புறத்தில் படியும் வெள்ளைப் படலத்தை யாரும் பார்க்கலாம். அதே படலம் சிலிண்டரைச் சுற்றி ஓடும் வழியிலும் படிகிறது. அது வெப்பத்தைக் கடத்துவது இரும்பில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்குதான். ரேடியேற்றரில் தண்ணீர் நிறைந்திருக்கும், பெல்ட் இறுக்கமாக இருக்கும், ஆனாலும் கதவு போட்டதுபோல ஹெட்டில் சூடு தங்கும். ஒரு நாள் மணல் ஏற்றிக்கொண்டு மேட்டில் ஏறும்போது ஹெட்டுக்குக் கீழே உள்ள கஸ்கெற் போகும்.

இங்கே பழைய பழக்கம் ஒன்று வருகிறது. சூடு ஏறினால் தேர்மோஸ்டற்றைக் கழற்றி எறிவது. "எங்கட வெக்கைக்கு இது தேவையில்லை" என்பது காரணம். உண்மையில் தேர்மோஸ்டற்றுக்கு இரண்டு வேலை: எஞ்சினை விரைவாக வேலைச் சூட்டுக்குக் கொண்டுவருவது, சூடானதும் தண்ணீரை ரேடியேற்றர் வழியாகத் திருப்பிவிடுவது. பல எஞ்சின்களில் அது முழுக்கத் திறக்கும்போதுதான் பக்கவழி மூடும். அதை எறிந்தால் தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேற்றரைக் காணாமலே சுற்றும். சில எஞ்சின் குளிராகவே ஓடி ரிங்கைத் தேய்க்கும், சில எஞ்சின் முன்னை விடக் கூடச் சுடும். ரேடியேற்றர் மூடியும் அப்படியே. ரப்பர் போன மூடிக்குப் பதிலாகத் துணியைச் சுற்றி அடைத்தால் அழுத்தம் நிற்காது. 0.9 பார் பிடிக்கும் நல்ல மூடியில் தண்ணீர் 118 பாகை வரை கொதிக்காது, துணியில் 100 பாகையிலேயே கொதித்துக் கொட்டும்.

வவுனியா, முல்லைத்தீவுப் பக்கம் சுத்திகரித்த குடிதண்ணீர் கிராமத்துக்குக் கிராமம் கிடைக்கிறது. ரேடியேற்றருக்கு அது நல்லது, கூலன்ற் கலந்தால் மட்டும். வெறும் சுத்திகரித்த தண்ணீர் உலோகத்தை அரிக்கும். மாரியில் கூரையிலிருந்து பிடித்த மழைத்தண்ணீரும் இப்படித்தான்.

2018 டிசம்பர் வெள்ளத்தில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் நின்றதுபோல வெள்ளம் நிற்கும் நாட்களுக்கு ஒரு குறிப்பு. லொறியின் காற்றுக் குழாய் உயரத்தில் இருப்பதால் எஞ்சினுக்குள் தண்ணீர் போகவில்லை என்று ஆறுதல்படுகிறார்கள். கியர் பெட்டிக்கும் பின்னச்சுக்கும் மூச்சுவிடும் ஓட்டைகள் தாழ்வில் இருக்கின்றன. சூடான பெட்டி வெள்ளத்தில் இறங்கிக் குளிரும்போது உள்ளே தண்ணீரை உறிஞ்சும். ஒயில் பால்தேத்தண்ணி நிறத்தில் இருந்தால் உடனே மாற்ற வேண்டும். காற்றுக் குழாய் வரை தண்ணீர் ஏறியிருந்தால் செல்ஃப் அடிக்கவே கூடாது. தண்ணீர் நெருங்காது, கொனெக்டிங் ரொட்தான் வளையும்.

புழுதி

காப்பெற் போட்ட ஏ9இல் இருந்து இறங்கி ஒரு கிரவல் வீதிக்குள் டிப்பர் போனால், பின்னால் வருபவருக்கு அது தெரியாது, செம்புழுதிதான் தெரியும். அதைத் தடுப்பது ஒரு மடித்த கடதாசி. கம்பிறசர் குழாயை நெருக்கிப் பிடித்து அந்தக் கடதாசியை ஊதுவது எல்லாக் கராஜிலும் நடக்கிறது. கண்ணுக்குத் தெரியாத கிழிசல் ஒன்று போதும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஊசிமுனைப் புள்ளியாக அது தெரியும்.

ஃபில்டரை விட மோசமானது, ஃபில்டருக்கும் எஞ்சினுக்கும் இடையில் உள்ள ரப்பர் குழாயின் வெடிப்பு. அங்கே நுழையும் புழுதியை வடிக்க எதுவுமில்லை. குழாயின் உட்புறத்தை விரலால் துடைத்துப் பாருங்கள். செம்மண் ஒட்டினால் ரிங் ஏற்கெனவே தேய்கிறது. புது லைனர், புதுப் பிஸ்டன் போட்டு மூன்று மாதத்தில் மீண்டும் ஒயில் குடிக்கும் எஞ்சின்களில், ஓவர்ஹோல் செய்த கையைக் குறை சொல்ல முதல் இந்தக் குழாயைப் பார்ப்பது நியாயம்.

புகை சொல்வது

கறுப்பு: டீசல் கூட, அல்லது காற்றுக் குறைவு. ஃபில்டரும் டேர்போ (எஞ்சினுக்குள் காற்றைத் தள்ளும் பாகம்) குழாயும் முதலில், நொசில் பிறகு. நீலம்: ஒயில் எரிகிறது. வெள்ளை: காலையில் சிறிது நேரம் வந்து மறைந்தால் கவலையில்லை, சூடான பிறகும் நின்றால் எரியாத டீசல் அல்லது கூலன்ற். கண்ணை எரித்தால் டீசல். ரேடியேற்றரில் குமிழும் வந்தால் ஹெட் கஸ்கெற்.

வருடாந்தப் புகைப் பரிசோதனைக்கு முதல்நாள் பழைய பம்பின் சீல் உடைத்து டீசலைக் குறைப்பதும், மறுநாள் கூட்டுவதும் இரகசியமில்லை. கூட்டும்போது "கொஞ்சம் இழுவைக்கு" என்று அரைச் சுற்று அதிகம் போவதும் நடக்கும். பிஸ்டன் தலையில் ஓட்டை விழுவதற்கு அந்த அரைச் சுற்று காணும்.

சோடாப் போத்தல் சோதனை

பழைய எஞ்சினில் எந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று பார்க்க, ஓடும்போதே நொசில் குழாயின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்துவார்கள். தளர்த்தியும் சத்தம் மாறாவிட்டால் அந்தச் சிலிண்டர் செத்தது. நல்ல சோதனை, கையால் படித்த அறிவு.

கொமன் ரெயிலில் இதை ஒருக்காலும் செய்யக்கூடாது. 1600 பாரில் பீறும் டீசல் தோலைத் துளைத்துச் சதைக்குள் போகும். வெளியே ஒரு சிறு புள்ளிதான் தெரியும், பெரிய வலிகூட முதலில் இருக்காது. சில மணித்தியாலத்தில் விரல் வீங்கி நிறம் மாறும். பனடோல் போட்டுவிட்டு வேலை பார்ப்பவர் விரலை இழப்பார். உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், "டீசல் அழுத்தத்தோடு உள்ளே போனது" என்று வாயால் சொல்ல வேண்டும். ஒழுக்கைக் கையால் தடவித் தேடாமல் ஒரு கடதாசி மட்டையைப் பிடித்துப் பார்க்க வேண்டும்.

இந்த எஞ்சினுக்கு ஏற்ற சோதனை வேறு. ஒவ்வொரு நொசிலிலும் மிஞ்சிய டீசல் திரும்பிப் போகும் சிறு குழாய் உண்டு, அதில் அழுத்தம் மிகக் குறைவு. அவற்றைக் கழற்றி, நாலு துண்டு சேலைன் ரியூப் மாட்டி, நாலு வெறும் சோடாப் போத்தலுக்குள் விட்டு, வரிசையாகக் கட்டித் தொங்கவிட வேண்டும். திரும்பும் பொதுக் குழாயின் வாயை அடைக்க வேண்டும். எஞ்சினை ஐடிலில் சில நிமிடம் ஓட விட்டால் நாலு போத்தலிலும் டீசல் ஏறும். மூன்று போத்தலில் இரண்டு விரல், ஒன்றில் கழுத்துவரை என்றால், அந்தக் கழுத்துவரை ஏறியதன் நொசில் உள்ளுக்குள் ஒழுகுகிறது. ரெயிலில் அழுத்தம் நிற்காததும், சூட்டில் ஸ்டார்ட் வராததும் அதனால்தான். கணினி இல்லை, செலவும் இல்லை. தடைக்காலத்துக் கைவேலையின் நல்ல பக்கம் புது எஞ்சினுக்கும் உதவும் இடம் இது.

நிறுத்தும்போது

ஏ9இல் போகும் லொறி முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் நிற்காமல் போவதில்லை. தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கும் அவசரத்தில் நிறுத்தியவுடன் சாவியைத் திருப்பிவிடுவார்கள். டேர்போவின் அச்சு முழு இழுவையில் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றைத் தொடும். எஞ்சின் நின்றால் அதற்கு ஒயில் நின்றுவிடும், சூடு நிற்காது. பியரிங்கில் தங்கிய ஒயில் கருகிக் கரியாகும். சாரதி இரண்டு நிமிடம் ஐடிலில் விட்டுவிட்டு இறங்கினால் பிள்ளையார் கோபிக்கமாட்டார்.

டேர்போ உடைந்து ஒயில் காற்றோடு உள்ளே போனால், சாவியைத் திருப்பினாலும் எஞ்சின் நிற்காமல் உச்சத்தில் சுற்றும். அப்போது செய்யவேண்டியது ஒன்று: காற்று போகும் வாயைப் பலகையாலோ அதுபோலத் தடித்த வேறொன்றாலோ அடைப்பது. கையால் அடைக்கக்கூடாது.

கராஜுக்குள் நடக்கும் சண்டை

வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட ஐந்து வருடமும் இருந்த வாகனங்களே ஓடின. ஓய்வு பெற வேண்டிய எஞ்சின்கள் மூன்றாம் முறை ஓவர்ஹோல் பார்த்தன. கிராங்க் "பத்து, இருபது, முப்பது" (அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) என்று லேத் பட்டறையில் கடைந்து கடைந்து, கடைசி அளவும் முடிந்தவை நிறைய. உதிரிப்பாகமும் விலை ஏறியதால், கழற்றிய எஞ்சினிலிருந்து எடுத்த சாமானே மீண்டும் பூட்டப்பட்டது. ஹெட் போல்ட்டும் அதில் அடக்கம். ஒரு முறை இழுபட வடிவமைத்த போல்ட்டை இரண்டாம் முறை போட்டு, கையளவில் இறுக்கி, கஸ்கெற் போனதும் "டூப்ளிக்கேற் கஸ்கெற்" என்று கடைக்காரரைத் திட்டுவது வழமை.

ஈசியூவில் பதிந்த பிழையைப் படிக்கும் ஸ்கானர் ஒன்றை வாங்கினால் பிரச்சினை தீரும் என்று சிலர் நினைக்கிறார்கள். அது "ரெயிலில் அழுத்தம் குறைவு" என்று சொல்லும். ஏன் குறைவு என்று சொல்லாது. ஃபில்டர் அடைப்பா, பம்ப் தேய்வா, நொசில் ஒழுக்கா என்பதை ஃபில்டரும் போத்தலும்தான் சொல்லும். ஸ்கானர் காட்டும் பிழை இலக்கத்தைப் படித்துவிட்டு நேரே சென்சரை மாற்றும் பழக்கம் கராஜுக்கும் நட்டம், லொறிக்காரருக்கும் நட்டம்.

வேலை பழக வரும் பெடியன்கள் குறைந்துவிட்டார்கள் என்று மேசன்மார் சொல்வதைத்தான் கராஜ் முதலாளிமாரும் சொல்கிறார்கள். நாலு வருடம் ஒயிலுக்குள் நின்று, கூலி என்று கைச்செலவு மட்டும் வாங்குபவர் வெளிநாடு போகத்தான் பார்ப்பார். இதில் ஆச்சரியப்பட எதுவுமில்லை, கூலியைத் தவிர வேறு மருந்தும் இல்லை.

பணச் சண்டையைக் குறைக்க இரண்டு தரப்புக்கும் சில வழிகள் உண்டு.

1. லொறி வந்ததும் ஒயில் மட்டம், கூலன்ற் மட்டம், புகை நிறம், கிலோமீற்றர் நாலையும் ஒரு கொப்பியில் எழுதி, சாரதியிடம் கையெழுத்து வாங்குங்கள். ஒயில் மட்டம் கூடியிருந்து டீசல் மணத்தால், டீசல் ஒயிலுக்குள் இறங்குகிறது. அது வேலை செய்ய முதல் இருந்ததா, பிறகு வந்ததா என்பதை அந்தக் கொப்பிதான் தீர்க்கும்.

2. மாற்றிய பழைய சாமானையும் வெட்டிய ஃபில்டரையும் பையில் போட்டுத் திருப்பிக் கொடுங்கள்.

3. கொமன் ரெயில் நொசில் மாற்றினால் அதன் தலையில் பொறித்த எழுத்தையும் இலக்கத்தையும் ஈசியூவில் பதிய வேண்டும். அந்த நொசில் எவ்வளவு கூடக்குறையத் தூவும் என்ற அளவு அந்த இலக்கத்தில் இருக்கிறது. பதியாவிட்டால் புது நொசிலோடேயே எஞ்சின் தட்டும், புகைக்கும், "பழசைப் போட்டு ஏமாத்திப்போட்டான்" என்ற பேச்சு வரும். பூட்டிய பிறகு ஒயிலும் கறளும் அந்த எழுத்தை மறைத்துவிடும். பெட்டியிலிருந்து எடுத்தவுடன் போனில் படம் எடுத்து, லொறிக்காரருக்கும் ஒரு பிரதி அனுப்பிவிட்டுப் பூட்டுங்கள்.